ஷெட்டுக்குள் எனக்குக் கேட்டது

இன்று காலை பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். தின்னர் வாடை ஜன்னல் வழியாக வந்ததுதான் தாமதம், என் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. கல்லில் தோசை பாதி வெந்து கிடந்தது. நம் மகள் சிரித்தாள். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரையும் மூடச் சொல்லியிருப்பீர்கள்.

அப்படிப் பயந்த மனிதர் நீங்கள். பட்டறை வேலையை விட்டுவிட்டு நம் வீட்டு ஷெட்டிலேயே கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவானபோது, அந்த ஷெட்டைத் தயார் செய்யவே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டீர்கள். தகரக் கூரைக்கு அடியில் தார்ப்பாய், சுற்றிலும் பிளாஸ்டிக் ஷீட், காற்று வரும் ஜன்னலில் என் நூல் புடவைகள் இரண்டு மடிப்பாக. நம் தெருவில் பீங்கான் கம்பெனிக்குக் களிமண் ஏற்றிய லாரி ஒன்று போனால் வெள்ளைத் தூசி அடங்க அரை மணி நேரமாகும். ஈரப் பெயிண்டில் அது உட்கார்ந்தால் செய்த வேலையெல்லாம் வீண். வாடையை வெளியே இழுக்கும் ஃபேனுக்கு மோட்டாரைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டி, பெல்ட் போட்டு ஓட்டினீர்கள். கம்ப்ரசரும் வெளியேதான். உள்ளே ஒரு பொறி வரக்கூடாது என்பீர்கள். இவ்வளவு பயந்துகொண்டு எதற்கு இந்தத் தொழில் என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தாலே தளும்பியது. பட்டி பூசுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் எப்படியோ நடந்தன, ஸ்பிரே கன்னை மட்டும் பிடிக்க முடியவில்லை. அதை நான் வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு பீங்கான் கம்பெனியில் ஆறு வருடம் பொம்மைகளுக்குப் பளபளப்புப் பூச்சு, அந்த கிளேஸ், அடித்தவள் அல்லவா நான். அங்கே பொம்மை சுற்றும், கை நிற்கும். இங்கே வண்டி நிற்கும், நான் நடக்கவேண்டும், அவ்வளவுதானே என்று பீற்றிக்கொண்டேன். பழக மூன்று மாதம் பிடித்தது, அது வேறு கதை.

ஆனால் இது ஊருக்குத் தெரியக்கூடாது என்று நின்றேன். கை நடுங்குகிறவரை நம்பி யார் வண்டியை விடுவார்கள்? அதைவிட, உங்களை ஒருவரும் பாவமாகப் பார்த்துவிடக்கூடாது என்ற வீம்பு எனக்கு. உள்ளதைச் சொல்லிவிட்டுப் போவோமே என்றீர்கள். நான் கேட்கவில்லை. ஐந்து வயது மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். உங்கள் முகம் சுருங்கிப்போனது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்மாபுரத்துக்காரர் ஒருவரின் அம்பாசடர் கார் வந்தது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் பெண்ணுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை மதியம் கடைசிக் கோட்டிங். தினமும் கரண்ட் கட் ஆகும் காலம் அது. கட் முடிந்து கரண்ட் வந்த பிறகே ஆரம்பித்தோம். பானெட்டில் பாதி அடித்திருந்தேன், மறுபடியும் போய்விட்டது. ஃபேன் நின்றது. பிளாஸ்டிக்குக்கு வெளியே இருந்து நீங்கள் உடனே வரச் சொன்னீர்கள். பாதியில் விட்டால் கோடு விழும், முழு பானெட்டையும் திரும்பத் தேய்க்கவேண்டும். கம்ப்ரசர் டேங்கில் காற்று மிச்சம் இருந்தது. இரண்டே நிமிடம் என்று சொல்லிவிட்டு அடித்தேன். வாடை வெளியே போக வழியில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. முகத்தில் கட்டியிருந்த ஈரத்துண்டையும் மீறித் தொண்டை எரிந்தது.

அப்போதுதான் கம்மாபுரத்துக்காரர் குரல் கேட்டது. வண்டி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். ஷீட்டின் வழியாக உருவம் மங்கலாகத் தெரிந்தது. வாயில் சிகரெட். தீப்பெட்டி குலுங்கும் சத்தம் என் காதுக்கு வந்தது. உள்ளே நெருப்பு ஆகாது, நாளைக்கு வாருங்கள் என்று பதமாகச் சொன்னீர்கள். பெயிண்டர்கள் எப்போதும் இப்படித்தான் என்று அவர் சிரித்தார். உள்ளே போகவில்லை, இங்கேயிருந்தே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தீக்குச்சியை எடுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்த ஷீட் மட்டும்தான். நான் ஒரு சத்தம் போட்டிருக்கவேண்டும். அந்த நேரத்திலும் என் வீம்பு வாயை அடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அந்த வலது கையால்தான் பிடித்தீர்கள்.

"அண்ணே, உள்ளார என் வூட்டுக்காரி நிக்கிறா. அவதான் பெயிண்ட் அடிக்கிறா. நீங்க குச்சியக் கிழிச்சீங்கன்னா அவ எனக்கு இல்ல."

உங்கள் குரல் நடுங்கவில்லை. அவர் குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டார். செருப்புச் சத்தம் கேட் பக்கம் போனது. நான் பானெட்டை முடித்துவிட்டு வெளியே வந்தபோது நீங்கள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, நாளைக்கு வரேன்னு போயிட்டாரு."

சரி என்றேன். மறுநாள் அவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், நன்றாக வந்திருக்கிறது என்று உங்களிடம் சொன்னார், என் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். நீங்கள் குனிந்து ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் கடைசிவரை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பெரிய மனிதர்.

நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சத்தியம் உடைந்தது எனக்குத் தெரியாது என்றே இருக்கட்டும், உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். உடைந்தது உங்களுக்குத் தெரியுமே என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அந்த மாதமே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், குறையைச் சீட்டில் எழுதி பிராது கட்டிவிட்டு வந்தீர்கள். கைக்காக என்றீர்கள், நம்பினேன். மகளுக்குச் சாதாரண சளி பிடித்தாலும் வெளிறிப்போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். பிள்ளைப் பாசம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும், பார்க்க வந்த அவளிடம், "உனக்கு உடம்பு நல்லா இருக்குதா பாப்பா" என்றுதான் கேட்டீர்கள். அது ஏன் என்று எனக்குப் புரிந்தபோது உங்கள் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது.

அவள் நன்றாக இருக்கிறாள். சத்தியம் உடைந்ததால் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கவேண்டியதை இப்போது சொல்கிறேன். நான் கேட்டேங்க. உள்ளேயிருந்து எல்லாத்தையும் கேட்டேன். அந்தச் சத்தியத்தை வாங்கினவள் நான். பாவம் என்று ஒன்று இருந்தால் அது என்னைத்தான் சேரும்.