ஒயின் கேள்விகளும் வேலுவின் புகையிலைப் பொட்டலமும்

என் அன்பு மச்சான்,

நீங்க போய் ஏழு மாசம் ஆச்சு. நல்ல சேதியா எழுதலாம்னு காத்திருந்தேன், அது வரலை. உங்க தம்பி வேலு பதினெட்டு நாளா லாக்கப்பில் இருக்கான். காரணம் உங்க குறுக்கெழுத்து. இல்லை, சரியாச் சொல்றேன்: என் கடைப் பொட்டலம்.

வெள்ளைக்காரத் துரை படிச்சுப் போட்ட இங்கிலீஷ் பேப்பரை எஸ்டேட் ஆபீஸிலிருந்து எடுத்து வந்து கட்டம் நிரப்புவீங்க. நிரப்பினதும் பொட்டலம் மடிக்க என் கடைக்குத் தருவீங்க. அதில் ஒரு தாளில்தான் வேலுவுக்குப் புகையிலை மடிச்சுக் கொடுத்தேன்.

காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போறவங்களை முள்கம்பி கேட்டில் சோதிக்கிறாங்க, காட்டுக்குள்ளே துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்காரங்களுக்கு ஒரு பிடி சோறுகூடப் போயிடக் கூடாதுன்னு. வேலுகிட்ட சோறு இல்லை. தாள் இருந்தது. கட்டம், நம்பர், ஓரத்தில் உங்க பென்சில் எழுத்து: துவர்ப்பு, ஆறு. மரவாசம், மூணு. கறுப்புப் பழம்? ரகசியச் சேதின்னு பிடிச்சுக்கிட்டாங்க.

ஒயின் ருசியைப் பத்தின கேள்விக்கு விடை தேடினது, நம்பரெல்லாம் விடையோட எழுத்துக் கணக்குன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட எவ்வளவோ சொன்னேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுற கிராணிக்கு ஒயினோட என்ன வேலைன்னு கேட்டார். எழுதினவர் எங்கேன்னார். செத்துட்டார்னேன். "இந்த வாரம் இது நாலாவது செத்த ஆள்"னு சிரிச்சார்.

பேப்பரை ரெண்டாக் கிழிச்சுத்தான் மடிப்பேன். கேள்விகள் அச்சான மறுபாதி கிடைச்சா விட்டுடுவாங்கன்னு கூலிக்காரங்க குடியிருக்கிற லயம் லயமா ஓடினேன். எரிச்சாச்சுன்னு எல்லாரும் அடுப்பைக் காட்டினாங்க. துரைகிட்ட போனேன். உங்களுக்குக் குறுக்கெழுத்து தெரியும்னே அவருக்குத் தெரியாதாம். பதினேழு வருஷம் அவர் எதிர்லதானே மச்சான் உட்கார்ந்திருந்தீங்க?

அடுத்த கப்பலில் வேலுவை இந்தியாவுக்கு ஏத்திடுவாங்கன்னு பேச்சு. ரெண்டு வயசுல இங்கே வந்தவன் நாகப்பட்டினத்தில் இறங்கி யாரைத் தேடுவான்?

நேத்து சோறு போடும்போது உங்க தங்கச்சி செல்லம்மா நிதானமாச் சொன்னா: "எங்க அண்ணன் செத்தும் உங்களுக்கு உபயோகமாத்தான் இருக்காரு."

தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்தேன். ஏன்னா எழுத்து உங்களுது, வார்த்தை என்னுது. நீங்க துரை பங்களாவிலிருந்து கொண்டுவந்த காலி ஒயின் பாட்டிலில் மிஞ்சின ரெண்டு சொட்டை நாக்கில் வச்சு, இளம்பாக்கு மாதிரி துவர்க்குதுன்னு சொன்னது நான்தானே? புளியும் பாக்கும் பார்த்து வாங்குற நாக்குன்னு என்னைத்தானே கேட்பீங்க? கறுப்புப் பழம்னு நாவல்பழத்தை நினைச்சுச் சொன்னதும் நான்தான். இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலை. கடை லைசென்ஸ் போயிடும், என்னையும் உள்ளே போட்டுடுவாங்கன்னு பயந்து, பொட்டலம் மடிச்சதோட என் பங்கை முடிச்சுக்கிட்டேன். உயிரோட சாட்சி நான் இருக்க, எல்லாத்தையும் உங்க தலையில் கட்டினேன். மன்னிப்பீங்களா?

நாளைக்கு முதல் பஸ்ஸில் பகாவ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். மச்சானும் நானும் உட்கார்ந்து எழுதினோம், ருசி சொன்னது நான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். நம்பினா வேலுவோட வீட்டுக்கு வருவேன். நம்பலைன்னா அவனோட லாக்கப்பில் இருப்பேன். கப்பல்தான்னா அதிலும் அவன் தனியா ஏற மாட்டான். இது உங்களுக்கு நான் செய்து தர்ற சத்தியம்.

இத்தனை நாள் வாய் திறக்காத,
உங்க தங்கச்சி புருஷன்
சின்னையா