ஒழுகும் குழாயும் உன் போஸ்டரும்

மச்சான் செல்வா, என் அருமைத் தலைவலியே,

செத்தும் என்னை நிம்மதியாக விடமாட்டாயா? தருமபுரத்தில் என் போஸ்டர் கடையில், நீ குழாய் மாட்டிவிட்ட கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஒழுகுகிறது. மேசைக்கடியில் தட்டு வைத்திருக்கிறேன்.

வெயிலில் சூடாகி அணைந்துபோகிறது என்று உன்னிடம் புலம்பியது ஒரு தப்பா? நல்ல ஃபேன் ஒன்று மாட்டியிருந்தால் முடிந்தது. கிளிஞ்சல்மேட்டில் படகு இஞ்சின் பழுது பார்க்கிறவனுக்கு அது போதுமா? செம்புத் தகட்டை வெட்டினாய், பழைய பைக் ரேடியேட்டரைக் கழற்றினாய், மீன்தொட்டி பம்பைப் பிடுங்கினாய், கொத்தனாரின் லெவல் டியூபை மாட்டி, சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீரை ஓடவிட்டாய். முதல் நாளே சொட்டியது. கத்தினேன்.

"போட்ல தண்ணி வெளிய துப்புனாத்தான்டா இஞ்சின் உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்று சிரித்தாய். இது போட்டாடா? "சரி சரி, ஞாயித்துக்கெழம வந்து டியூப இறுக்குற கிளாம்பு மாத்தித் தர்றேன்" என்றாய். எந்த ஞாயிறு என்று நான் கேட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உன் தம்பி கடை வாசலில் வந்து நின்றான். "அண்ணே, நெஞ்சு வலிக்குதுன்னு அண்ணன் படுத்துச்சு, எந்திரிக்கல. மத்தியானம் எடுக்குறோம். போஸ்டர் அடிக்கணும்ணே."

இந்த ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்துகொடுத்திருக்கிறேன். உன் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன், இணைப்பு தளர்ந்து தண்ணீர் பீய்ச்சியது. கையை எடுத்தால் மெஷினும் போகும், உன் போஸ்டரும் போகும். இடது கையால் டியூபை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உன் முகத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட எனக்குக் கையில்லையடா, படுபாவி.

பின்னால் ஒரு கூட்டம் வேறு. "எம்பேர கொஞ்சம் பெருசா போடுங்கண்ணே." "எங்க தெருப் பசங்கள விட்டுட்டீங்களே!" எல்லாரையும் போட்டேன். உன்னை எடுப்பதற்குள் சுவரெல்லாம் ஒட்டியாயிற்று. தெருமுனையில் நின்று படித்தபோதுதான் பார்த்தேன், அதில் என் பெயர் இல்லை.

இந்தக் குழாயைக் கழற்றி எறியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் மனைவி தினமும் தட்டைக் கொட்டிவிட்டுத் திட்டுகிறாள். உன்னையா, என்னையா?

எறிய மாட்டேன். கிளாம்பு வாங்கிவிட்டேன், இந்த ஞாயிறு நானே மாற்றுவேன். அதற்கப்புறமும் ஒழுகினால் உன்னைத்தான் திட்டுவேன்.

போஸ்டரில் விட்டுப்போனதை இங்கே போட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் பெரிதாகவே.

உன் மச்சான்,
ரவி