ஊட்டியிலிருந்து வந்ததாகச் சொன்ன பிஸ்கட்

அத்தான்,

இன்று காலை எலுமிச்சைத் தோலைத் துருவிக்கொண்டிருந்தபோது அந்த வாசனையோடு உங்கள் நினைவும் வந்தது. வேறு யாராவது நினைவுக்கு வந்திருக்கலாம். போன மாதம் தேனி டாக்டர் எனக்கும் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்த பிஸ்கட்டை இன்றுதான் முதல்முறையாக எனக்கென்று செய்கிறேன். இப்போது வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று வாங்கியிருக்கிறேன். சுவிட்சைப் போட்டால் போதும். அதனால் கைக்கு வேலை குறைந்து, மனம் தேவையில்லாத இடங்களுக்கெல்லாம் போய்வருகிறது.

உங்கள் படத்திறப்புக்கு வந்திருந்தேன். ஏழு பேர் பேசினார்கள். ஏலக்காய் வியாபாரிகள் சங்கத்துக்காரர் ஒருவர், மனைவியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த மனிதர் என்று உங்களைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அன்று சொல்லாததைத்தான் இன்று எழுதுகிறேன். ஏழு பேர் பாராட்டியாகிவிட்டது. எட்டாவது ஆள் உங்கள் கொழுந்தியாளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நான் போடியில் பெண்கள் பள்ளியில் மனையியல் டீச்சர். உங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தேன். அக்காவுக்குச் சாயங்காலக் காப்பியோடு பிஸ்கட் இல்லாவிட்டால் நாளே முடியாது. மதுரை டாக்டர் சீனி, மாவு இரண்டையும் நிறுத்தச் சொன்னதும், வெறும் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக் காலத்தில் நான் மதுரையில் கற்ற ஷார்ட்பிரெட் என்பது மைதா, சீனி, வெண்ணெய் மூன்றும்தான். மூன்றில் இரண்டு போய்விட்டால் மிஞ்சுவது வெண்ணெய் மட்டும்.

பாதாமையும் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையையும் உரலில் இடித்துச் சலித்தேன். சீனிக்குப் பதில் சாக்கரின் மாத்திரை. அதில் அரை மாத்திரை கூடினாலும் நாக்கில் கசப்பு நிற்கும்; அதை மறைக்கத்தான் எலுமிச்சைத் தோல். அப்போது ஓவன் என்று ஒன்று ஏது? கனத்த சட்டியில் மணலைப் பரப்பி ஸ்டவ்வில் ஏற்றி, மூடியின் மேல் கரி நெருப்பை வைப்பேன். முதல் தடவை எல்லாம் பொடிந்து மணலாகவே போனது. இரண்டாம் தடவை எண்ணெய் கசிந்து பரவியது. போடி வெயிலில் வெண்ணெய் நிற்கவில்லை. அந்த வருடம் ஏலக்காய் பறிப்புக்காகக் குரங்கணிக்கு மேலே உங்கள் ஏலத் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது மாவை உருட்டி ஈரத்துணியில் சுற்றி ஜன்னலில் வைத்தேன். அந்தக் குளிரில் ஒரு மணி நேரத்தில் இறுகிவிட்டது. வில்லை வில்லையாக வெட்டிச் சுட்டு எடுத்தேன். அக்கா ஒன்றைக் கடித்தாள். "பாப்பா, இது பிஸ்கட்டேதான்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது நீங்கள் உள்ளே வந்தீர்கள். சந்தன நிறப் பட்டு ஜிப்பா, நாலு மோதிரம். மழையில் சகதியாகக் கிடந்த தோட்டத்துக்கு அந்த வேஷத்தில் வருகிற ஆள் அந்த மலையில் நீங்கள் ஒருவர்தான். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், சீக்காளித் தீனி தயாராயிருச்சா? நம்ம ஏலக்காய் ரெண்டு தட்டிப் போட்டா என்ன? நம்ம சரக்கு வாசமில்லாம இந்த வீட்டுல ஒரு பலகாரமா?" என்றீர்கள். சாம்பாரில்கூட ஏலக்காய் போடச் சொல்லக்கூடிய நாக்கு உங்களுடையது. நான் போடவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு மீதியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தீர்கள்.

இதெல்லாம் சில்லறை. இதற்காக யாரும் யாரையும் வெறுக்க மாட்டார்கள்.

உங்கள் மகள் வசந்தாவுக்குத் தேவாரம் ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்தது. நல்ல விவசாயக் குடும்பம். நிச்சயத்துக்கு முதல் நாள் எங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் சர்க்கரை என்ற பேச்சே எழக்கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். தாய்க்கு இருக்கிற நோய் மகளுக்கும் வரும் என்று சம்பந்தம் முறிந்துவிடுமாம். ஏலத்தில் விலை ஏற்றுகிற குரலிலேயே அதையும் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்த குரல் அது ஒன்றுதான்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லட்டுத் தட்டை உங்கள் கையாலேயே அக்காவிடம் நீட்டினீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தின்றாள். "இன்னொண்ணு எடு, பொண்ணைக் குடுக்குற சந்தோசம் இல்லையா உனக்கு?" என்று எல்லாரும் கேட்கச் சொன்னீர்கள். சிரித்தார்கள். அவள் இரண்டாவதையும் தின்றாள். பிறகு ஜாங்கிரி. பிறகு பாயசம்.

தட்டு மாப்பிள்ளையின் தாயாரிடம் போனது. காதில் தண்டட்டி போட்ட, வெயிலில் கறுத்த அம்மா. தட்டைக் கையாலேயே தள்ளிவிட்டு, "எனக்குச் சீனி வியாதி தாயி. ஆறு வருசமாச்சு. வெறுங்காப்பி இருந்தா கொண்டாங்க" என்றார். சளி பிடித்திருக்கிறது என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். கூடத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். விழுந்து எழுந்தவன் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பானே, அந்த முகம்.

நான் அடுப்படிக்குப் போய் அக்காவின் டப்பாவிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மா ஒன்றைத் தின்று பார்த்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"இது சீனி போடாததுல்ல? யாருக்குத் தாயி செஞ்சது?"

அக்கா உங்களைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நீங்கள் ஒரு விரலை லேசாக அசைத்தீர்கள். "ஊட்டியில ஒரு வெள்ளைக்காரர் கடையில சொல்லி வரவச்சது. வர்றவுகள்ல யாருக்காச்சும் வேணுமேன்னுட்டு" என்றீர்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் "ஆமா" என்றேன்.

உங்களைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் அந்த "ஆமா"வைச் சொன்னது என் வாய்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இரண்டு மாதம். உறவுக்காரர் வீடுதோறும் விருந்து. ஒரு வீட்டிலும் இனிப்பை அவள் மறுக்க நீங்கள் விடவில்லை. சொன்ன பொய்யை இனி மாற்ற முடியாதாம். சர்க்கரைக்கான மாத்திரைகளைக்கூட அவள் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கல்யாணத்தன்று புதுச் செருப்பு கடித்துக் கால் விரலில் புண். அதையும் மறைத்தாள். மூன்றாம் வாரம் விரல் கறுத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

வசந்தாவின் மாமியார் தேவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியிருந்த காலைத் தடவிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "இதுக்காகவா மதினி பொண்ணெடுக்காமப் போயிருப்போம்? அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அந்தப் பிஸ்கோத்தத் தின்னுருக்கலாமே." அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீங்கள் வராந்தாவில் யாரிடமோ, தோட்டத்தில் வழுக்கி விழுந்து அடிபட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பின் நாலு வருடம் இருந்தாள். கடைசியில் சிறுநீரகம் போய்விட்டது. அவள் போனதும் நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் வாசலில் நின்றீர்கள். ஜிப்பா தொளதொளவென்று தொங்கியது. உள்ளே வந்து கதவைச் சாத்தச் சொன்னீர்கள். உங்களுக்கும் சர்க்கரை வந்துவிட்டதாம். "டீச்சர், அந்தப் பிஸ்கோத்து செஞ்சு தர முடியுமா? ஆள் விட்டு அனுப்ப வேணாம். நானே வர்றேன். பேப்பர்ல சுத்திக் குடுத்துருங்க" என்றீர்கள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தனக்கு வந்த பிறகும் ஊருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் உங்கள் கவலை. ஒரு மனிதன் இவ்வளவு சின்னவனாக இருக்க முடியுமா என்று நான் அன்று வியந்ததை மறைக்கப் போவதில்லை.

செய்து கொடுத்தேன். பத்து மாதம், ஞாயிறுதோறும். விஷயம் தெரிந்த உங்கள் பிள்ளைகள் என்னைத் தெய்வம் என்றார்கள். தெய்வமும் இல்லை, ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே எறிந்த அந்தத் தீனியை நீங்கள் நின்றபடியே ஒன்று தின்றுவிட்டு, உதட்டில் ஒட்டிய தூளைத் துடைப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. என்றைக்காவது ஒருநாள் தின்றுகொண்டிருக்கும்போதே அவள் பெயர் உங்கள் வாயில் வரும் என்றும் காத்திருந்தேன்.

வந்தது. ஒரு ஞாயிறு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கக்கா அன்னைக்கு வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல டீச்சர். அவ சொல்லாமப் போனதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றீர்கள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"சொன்னா அத்தான். நிச்சயத்தன்னைக்குக் காலையில சொன்னா. எனக்கு ஆகாதுன்னு சம்பந்தியம்மாகிட்டச் சொல்லிர்றேனேன்னு மூணு தடவ கேட்டா. மூணு தடவையும் நீங்க என்ன சொன்னீகன்னு நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஏதாவது ஒன்று சொல்வீர்கள் என்று இருந்தேன். மன்னிப்பு வேண்டாம், ஒரு பொய்யாவது சொல்லலாம். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். பொட்டலத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டீர்கள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் வரவில்லை. நானும் செய்யவில்லை. ஏழெட்டு மாதத்தில் மாரடைப்பு என்று செய்தி வந்தது. மாரடைப்பு கௌரவமான நோய். அதை மட்டும் ஊருக்குச் சொன்னார்கள்.

உங்கள் மேல் எனக்கிருக்கும் இளக்காரத்தை விட்டுவிடச் சொல்கிறாள் வசந்தா. செத்தவர்மேல் என்ன சித்தி என்கிறாள். விட மாட்டேன். அக்கா போன பிறகு எனக்கென்று மிஞ்சியதில் அதுவும் ஒன்று. அது எனக்கு உபயோகப்படுகிறது.

போன வாரம் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம், உங்கள் வகையில்தான். பந்தியில் லட்டு வைக்க வந்தவனிடம், "எனக்குச் சர்க்கரை தம்பி, இனிப்பு வைக்காத" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். வரிசை முழுக்கத் தலை திரும்பியது. பிறகு எல்லாரும் சாப்பாட்டில் குனிந்துகொண்டார்கள். எனக்கு நாலு இலை தள்ளி உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு தனக்கு வைத்திருந்த லட்டை ஒற்றை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளி, சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.