ஒன்பதாம் மாதத்தில் நடந்தவள்

துடியலூர்
12.11.1995

அன்புள்ள அம்மணிக்கு,

நீ விட்டுப்போன எக்ஸ்ரேயோடு எலும்பு டாக்டரிடம் போனேன். பாப்பாவின் கால் வளைந்தது அபூர்வமான நோயாம். யார் குற்றமும் இல்லையாம். ஒன்பதாம் மாதமே நடக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பெருமையடித்தவன் நான். சீக்கிரம் நடக்கவிட்ட பழி மட்டும் உனக்கு.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப யாரைத்தான் கண்ணு குத்தம் சொல்றது?"

"என்னையச் சொல்லுங்கம்மா."

நீ பாப்பாவோடு உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பிய அன்றே சொல்லியிருக்கலாம். எட்டு மாதம் யோசித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கூப்பிட்டால் உள்ளே வருவேன். இல்லையென்றால் வாசலில் நின்றுகொள்கிறேன். ஆபரேஷன் செய்தால் கால் நேராகிவிடும் என்கிறார் டாக்டர். அதற்கு முன்னால், அந்த வளைந்த காலோடு அவள் என்னிடம் ஓடிவருவதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா