ஆள் இருக்கிற நாற்காலி

ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு ரிசப்ஷனிஸ்ட் தேவை என்று வேலை தேடும் ஆப்பில் வந்திருந்தது. வீட்டில் இருந்தபடியே விண்ணப்பித்தேன். தென்காசி முழுக்க அலைந்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் அதில் போடவில்லை.

இன்று நேரில் போனேன். முதலாளி உடனே வேலை கொடுத்துவிட்டார். "ரிசப்ஷன்ல இருக்க அண்ணாச்சிய மாசக் கடைசியில அனுப்புதோம். அவருட்ட இப்ப சொல்லாண்டாம்," என்றார்.

வெளியே வந்ததும் அந்த அண்ணாச்சியே எனக்கு டீ வாங்கித் தந்தார்.

"உதவிக்கு ஒரு ஆள் வேணும்னு ரெண்டு வருசமா கேக்குதேன். நீதானாம்மா அது?"

"ஆமா அண்ணாச்சி."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேலை வேண்டாம் என்று எழுதத்தான் இப்போது ஃபோனை எடுத்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.