பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையில்

என் அன்பு ஐயாவுக்கு,

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடுவதில்லை என்று உங்கள் மூன்று பிள்ளைகளும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். நீங்கள் மறைந்த இந்தப் பத்து மாதத்தில் நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் முடிவு இதுதான். சேர்ந்து என்றால், அண்ணை பட்டினத்தில் தன் வீட்டில் இருந்தும், அக்கா மயிலிட்டியில் தன் வீட்டில் இருந்தும் எடுத்தார்கள். இடையில் சைக்கிளில் ஓடி ஏகமனதை உண்டாக்கியவன் நான்.

காரணம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் மரண அறிவித்தலை வானொலிக்கு எழுதிக் கொடுத்தவர் அண்ணை. நீளம் கூடிப்போயிற்றென்று ஒரு பெயரை வெட்டினார். வெட்டுப்பட்டது அத்தானின் பெயர். அண்ணையின் பெயருக்குப் பின்னால் இருந்த 'கச்சேரி எழுதுநர்' என்ற அரசாங்க உத்தியோகம் தப்பிப் பிழைத்தது. உங்களோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய் வந்த மருமகன், மயிலிட்டி முழுவதும் வானொலிக்குக் காதைக் கொடுத்திருந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு உறவுமில்லாதவர் ஆனார்.

அன்றிலிருந்து அத்தான் அண்ணையின் வாசல் படலையைத் தாண்டவில்லை. பெரியவர்கள் கதைக்காவிட்டால் பிள்ளைகள் விளையாடக்கூடாது என்பது எங்கள் நாட்டு நீதி. அதையும் இருவரும் கவனமாக நிறைவேற்றினார்கள். ஒரு வருடம் நிறையும் உங்கள் ஆட்டைத் திவசம் நெருங்குகிறது. அன்றைக்கு இரண்டு வீட்டில் இரண்டு அடுப்பு மூளுமோ என்பதுதான் என் பயம்.

வெளிநாட்டு மிளகாய் வராமல் நின்றதிலிருந்து எல்லோரும் பயிரிட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லிக் களைத்து, பட்டினத்துக்குள்ளேயே ஒரு மாதிரிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்று நினைத்தேன். பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் எந்தப் பிடிவாதக்காரரும் மறுக்க முடியாது. "ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கு வாங்கோ" என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே வசனத்தைச் சொன்னேன். அண்ணி சோறு, அக்கா கறி என்று பங்கும் பிரித்தேன். பேதம் காட்டவில்லை. அதுதான் பிழை.

கச்சேரிக்காரருக்குப் பண்ணை என்றால் மாடும் மிளகாய்க் கன்றும். கடற்காரருக்குப் பண்ணை என்றால் கோட்டைக்குப் பக்கத்தில், தீவுப் பாலம் தொடங்கும் கடற்கரை. அந்த இடத்துக்குப் பெயரே அதுதானே, ஐயா?

அண்ணை குடும்பத்தோடு மாட்டுக் கொட்டிலருகே சோற்றுப் பெட்டியுடன் நின்றார். வெயில் ஏறியது. "பாத்தியோ, உவர் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சைக்கிளை எடுத்தேன்.

பாலத்தடியில் அத்தான் முழங்காலளவு தண்ணீரில் வலையோடு நின்றார். ஓலைக் கூடைக்குள் நண்டுகள் சண்டை பிடித்தன. அக்கா கொண்டுவருவதாகச் சொன்ன கறி அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

"கொண்ணை எங்கை? பிள்ளையள் தண்ணியுக்கை ஊறிப் போச்சுதுகள்."

"அண்ணை பண்ணையிலை நிக்கிறார், அத்தான்."

"அப்ப இது என்ன, பருத்தித்துறையே?"

விளக்கினேன். அத்தான் வலையைச் சுருட்டினார். "மாடு பாக்கவோ என்னை மயிலிட்டியிலை இருந்து கூப்பிட்டனி? நான் வீட்டை போறன்."

அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அங்கை அண்ணி சோத்தோடை. இங்கை நீங்கள் நண்டோடை. ரெண்டுக்கும் நடுவிலை நான் பட்டினி கிடக்கவோ? நடவுங்கோ."

நடந்தார்கள்.

பண்ணைக்குள் பிள்ளைகள் கலந்துவிட்டார்கள். அதற்கு ஒருவரும் உத்தரவு கேட்கவில்லை. அக்காவின் சின்னவள் வதனி, ஈரச் சட்டையோடு நேரே அண்ணையிடம் போனாள்.

"பெரிய மாமா, உந்த மாடு ஆற்றை?"

"அரசாங்கத்தின்ரை."

"பால்?"

"அதுவும் அரசாங்கத்தின்ரை."

"அப்ப கண்டுக்குட்டிக்கு?"

அண்ணை சற்று யோசித்தார். "அது மேலிடத்திலை கேக்கவேணும்."

உரக்குழிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அண்ணை எழுந்து, "நான் கச்சேரி" என்றார். ஓடி வந்தவர் திரும்பிப் போனார். மிளகாயும் முருங்கையிலையும் அரசாங்கம் தந்தது; கேட்டுப் பறித்தோமா என்பதை நீங்கள் விசாரிக்கமாட்டீர்கள்.

அண்ணை நண்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "உப்புக் காணாது."

"கடலுக்கை இருந்து இப்பத்தான் வந்தது" என்றார் அத்தான். "அதுக்கு உப்புக் காணாதெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான், மச்சான்."

மச்சான்! அண்ணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

எல்லோரும் நண்டு கடிக்கத் தொடங்கினோம். பிறகு அண்ணை இலையைப் பார்த்தபடி, "வானொலியிலை உம்மடை பேர் விடுபட்டுப் போச்சு" என்றார்.

"விடுபடேல்லை. வெட்டினனீங்கள்."

"ஓம். வெட்டினனான்."

அத்தான் சட்டியில் துழாவி, சினை நிறைந்த நண்டொன்றை எடுத்து அண்ணையின் இலையில் வைத்தார்.

நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள்? நண்டின் பக்கம் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகள் வாழைப் பாத்திக்குள் விழுந்து எழும்பிக் கத்தியது உங்களுக்குக் கேட்டிருக்குமா?

திவசத்துக்கு ஒரே அடுப்புத்தான் மூளும், ஐயா. அதற்கு நான் பொறுப்பு. அத்தான் விறகு கொத்திக் கொண்டுவந்து அண்ணையின் வீட்டு வளவில் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

பண்ணை வாசலில் ஒரு புதுப் பலகை தொங்குகிறது. 'உள்ளே நண்டு சமைத்தல் கூடாது' என்று அதில் எழுதியிருக்கிறது.

உங்கள் கடைசி மகன்,
உங்கள் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் ஓடித் திரிகிறவன்