சீனியம்மாவின் முதுகில் நான் ஏற்றிய கூடை

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

விட்டு விட்டு மழை. என் மனுசன் ஜெனிஸ்டனுக்குத் துறைமுகத்தில் பகல் வேலை. ஆறு மணிக்கே வந்துவிட்டார். ஆறரைக்கு இரண்டு பேரும் அவித்த கடலையோடு ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

‘சுது இர’ நாலாவது பாகம். தமிழில் வெள்ளைக்கோடு என்று சொல்லலாம், மைதானத்தில் சுண்ணாம்பால் போடுகிற கோடு. ஞாயிறு தோறும் பழைய விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி ஒரு மணித்தியாலம். இன்று ஒரு குத்துச்சண்டைக்காரர். தன்னை விழுத்தியவரின் பெயரைச் சொல்லி அவர் சிரித்தபோது ஜெனிஸ்டன் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் தடிமனாம்.

நிகழ்ச்சி முழுக்கச் சிங்களம். அதனால்தான் கிருலப்பனையில் இருக்கிற ஆகில் என்ற பொடியன் பேஸ்புக்கில் ‘வெள்ளைக்கோடு ரசிகர்கள்’ என்று ஒரு குறூப் தொடங்கினான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கனடாவிலும் இருக்கிறவர்களுக்கு நான் கதையைத் தமிழில் எழுதிப் போடுகிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் ஒரு பாடமா? நாளைக்கு பஸ்ஸில் எழுத வேண்டும். வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம், போதும்.

பெப்ரவரி 10, திங்கள்

பம்பலப்பிட்டி தாண்ட முன்னமே எழுதி முடித்துவிட்டேன். நான் வேலை செய்கிற லாப்பில் இரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மா, “நீங்கள்தானே அந்த ரொஷேல்?” என்று கேட்டார். நாள் முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்றைய பாகம் நெஞ்சில் நிற்கிறது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த சீனியம்மா. எண்ணூறு மீற்றர் ஓட்டக்காரி. பாடசாலைப் போட்டிகளில் யாராலும் பிடிக்க முடியாத பிள்ளை. பழைய படச்சுருள் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார்கள். கடைசி வளைவில் நாலு பேரைத் தாண்டிக்கொண்டு வருகிறாள், பின்னல் பின்னால் பறக்கிறது. இருபது வயதில் வெளிநாட்டுப் போட்டிக்காகக் கொழும்பில் பயிற்சி முகாம். ஒரு நாள் முகாமை விட்டுப் போய்விட்டாள். “அதற்குப் பிறகு அவரை யாரும் ஓடுபாதையில் பார்க்கவில்லை. இன்று எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது.” அதோடு முடித்துவிட்டார்கள்.

அப்படி முடிக்கலாமா? எனக்கு மனம் ஆறவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

போட்டுவிட்டேன். கடைசியில் இரண்டு வரி நானாகச் சேர்த்தேன்: “வறுமை அவளை விழுங்கியது. கொழுந்துக் கூடையின் பாரத்தில் அந்தக் கால்கள் ஓய்ந்துபோயின.” எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பெப்ரவரி 19, புதன்

மூவாயிரத்துச் சொச்சம் லைக். அந்த இரண்டு வரியையும் அவவின் பழைய படத்தோடு சேர்த்து யாரோ ஒரு அட்டை செய்திருக்கிறார்கள். அது வட்ஸ்அப்பில் ஓடித் திரிந்து என் மச்சாளிடமிருந்து எனக்கே வந்தது. ஒருவர் கவிதை எழுதியிருக்கிறார். நாலு பேர் அரசாங்கத்தைத் திட்டியிருக்கிறார்கள். நோர்வேயில் இருந்து ஒரு அண்ணா, வேலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு அழுதாராம். “சீனியம்மாவைக் கண்டுபிடிப்போம்” என்று ஆகில் தனியாக ஒரு பதிவு போட்டிருக்கிறான்.

நான் எழுதியது ஒருவரை நோர்வேயில் அழவைத்தது என்று ஜெனிஸ்டனிடம் இரண்டு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொன்னபோது, “முதலே கேட்டனான்” என்றார்.

பெப்ரவரி 21, வெள்ளி

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு செய்தி வந்தது. றஞ்சிதம் என்று ஒரு பிள்ளை. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“அக்கா, கொழுந்துக் கூடை நிகழ்ச்சியில எந்த இடத்துல வருது? நான் மூணு வாட்டி பார்த்தேன், கிடைக்கல. நான் சீனியம்மாவோட மகள். அம்மா வாழ்க்கையில கொழுந்து எடுத்ததே இல்ல.”

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு அந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள். தாத்தா தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அம்மா முப்பத்தாறு வருடமாகப் புறக்கோட்டையில் ஒரே புடவைக்கடையில் இருக்கிறா. கடையின் மேல்மாடி முழுக்க இப்போது அவவின் பொறுப்பு. வீடு ஜிந்துப்பிட்டியில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அட்டையைப் பார்த்துவிட்டு ஹற்றனிலிருந்து பெரியம்மா அழுதுகொண்டு போன் எடுத்தாவாம். நேற்று யாரோ ஒருவர் விலாசம் தேடிப் பிடித்து, அரிசியும் பருப்பும் பால்மாவும் கட்டிய பொதியோடு வாசலில் வந்து நின்றாராம், மற்றக் கையில் வீடியோ எடுக்கப் போன். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, தோசை கொடுத்து, பொதியையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாவாம்.

ஏன் எழுதினனான்? ஆர் கேட்டது? தெரியாது எண்டு அவங்கள் நேர்மையாச் சொன்ன இடத்தில நான் போய்க் கூடையை வச்சிருக்கிறன். மலையகத்துப் பொம்பிளை எண்டவுடன எனக்குக் கூடையைத் தவிர வேற ஒண்டும் வரேல்லையே. அதுதான் உள்ளுக்குள்ள குத்துது.

பெப்ரவரி 22, சனி

ஆகிலிடம் சொன்னேன். பதிவை அழிக்க வேண்டாம், வரியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கோ என்றான். குறூப் இந்த வாரம்தான் பத்தாயிரத்தைத் தாண்டியதாம்.

ஜெனிஸ்டனிடம் கேட்டேன். அவர் சேர்ட் அயன் பண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: “போய் முகத்தைப் பார்த்துக் கதையும். போனில வேண்டாம்.”

றஞ்சிதத்துக்கு எழுதினேன். நாளைக்குக் கடை பூட்டு, மூன்று மணிக்கு வரச் சொல்லி அம்மா சொன்னாவாம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பட்டர் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கோயிலைத் தாண்டி இரண்டாவது ஒழுங்கை. மாடிப்படி ஒடுக்கம், படி ஏறும்போது என்னென்ன சொல்வது என்று நினைத்ததெல்லாம் போய்விட்டது.

சீனியம்மா கதவைத் திறந்தா. ஐம்பத்தேழு வயது என்று சொல்ல முடியாது. உயரம், நிமிர்ந்த முதுகு, சாம்பல் நிறச் சேலை ஒரு சுருக்கமில்லாமல். “நீதானா அது? உள்ள வா” என்றா. அவ்வளவுதான். அந்த ‘நீ’ எனக்கு ஆறுதலாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். முழுவதும் கேட்டா. கேட்டுவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னா. மகள் ஓட வேண்டும் என்பதற்காக வீட்டில் கோழி வளர்த்தாராம். மூன்று பிள்ளைகளில் முட்டை அவவுக்கு மட்டும்தான். தோட்டத்துரையிடம் கெஞ்சாமல், தன் லீவில் பஸ் ஏறி ஒவ்வொரு போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போனவர்.

“கொழுந்து எடுக்குறது கேவலம் இல்ல. எங்க அத்த எடுத்தாங்க, பெரியம்மா எடுத்தாங்க. ஆனா எங்கப்பா எனக்குப் பார்த்தது வேற. நீ எழுதுனதுல அவரு இல்லாமப் போயிட்டாரு. அந்தக் கூடைய எடுத்துரு.”

எடுத்துவிடுகிறேன் என்றேன்.

பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: ஏன் முகாமை விட்டுப் போனீங்கள், அன்ரி?

அவ கேக்கை வெட்டிக்கொண்டிருந்தா. “அலுத்துப்போச்சு” என்றா.

இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மகள் சிரித்தாள், எல்லோரும் இப்படித்தான் காத்துக்கொண்டிருப்பார்களாம் என்று. அன்ரி பதினொரு வயதிலிருந்து ஒன்பது வருடம் ஓடியிருக்கிறா. காலை நாலரைக்கு விசில் சத்தம். ஒரு நாள் விசில் கேட்டதும், இது போதும் என்று தோன்றியதாம். யாரும் கொடுமைப்படுத்தவில்லை. காயமில்லை. பயிற்சியாளர் நல்ல மனிதர், அழுதாராம். அப்பா ஆறு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு புடவைக்கடைக்கு வந்து, மகள் பட்டுச்சேலை விரித்துக் காட்டுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இதையும் வேகமாத்தான் செய்ற” என்றாராம். அதோடு ராசியாகிவிட்டார்கள்.

நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டேன். தான் ஓடியதைத் தானே பார்த்தது அதுதான் முதல் தடவையாம். றஞ்சிதத்தின் போனை வாங்கி எனக்கும் போட்டுக் காட்டினா. அந்தக் கடைசி வளைவு வந்தபோது விரலால் நிறுத்தி, “இங்க பாரு, எடது கை எப்படித் தொங்குது. இதத்தான் சார் திட்டிக்கிட்டே இருப்பாரு. அவரு சொன்னது சரிதான்” என்று சிரித்தா. முப்பத்தேழு வருடம் கழித்து அந்தச் சாருக்கு ஒரு வெற்றி.

ஆறு மணிக்குத்தான் எழும்பினேன். கேக்கில் அரைவாசியை எனக்கே கட்டித் தந்தா.

பெப்ரவரி 24, திங்கள்

பஸ்ஸில் எழுதினேன். சத்தமில்லாமல் மாற்றவில்லை. அந்த இரண்டு வரியும் நிகழ்ச்சியில் இல்லை, நான் சேர்த்த பொய் என்று முதல் வசனத்திலேயே போட்டேன். அப்பாவையும் கோழிகளையும் எழுதினேன். புடவைக்கடையை எழுதினேன், பெயர் சொல்லவில்லை. அவ சொல்லச் சொன்னபடி கடைசி வரி: “ஓடியது போதும் என்று தோன்றியது, நிறுத்தினேன். நன்றாக இருக்கிறேன்.”

ஆகில் போன் எடுத்தான். கோபம் என்று சொல்ல முடியாது, பிள்ளைக்கு அழுகை வருகிற மாதிரிக் குரல். “இதைப் போட்டால் ஆக்கள் போயிடுவாங்க அக்கா.” போகட்டும் என்றேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

போகிறார்கள்தான். கொமென்ட் பகுதியைத் திறக்கவே பயம். “அப்ப நாங்கள் அழுதது வீணா?” என்று கேட்கிறார் நோர்வே அண்ணா. அலுத்துப்போச்சு என்று சொல்ல அவவுக்கு என்ன உரிமை, எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு என்று ஒருவர். நான்தான் அவவை மிரட்டி அப்படிச் சொல்லவைத்தேனாம், உண்மையான காரணத்தை மறைக்கிறேனாம் என்று இன்னொருவர். அறுநூறு பேர் குறூப்பை விட்டுப் போயிருக்கிறார்கள். ஆகில் எண்ணிச் சொன்னான்.

அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

காத்தான்குடியில் இருந்து புவாத் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதுவரை ஒரு கொமென்ட்டும் போடாதவர்.

“இருவது வருசமா முழங்கால் காயம் எண்டு எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரியிறன். முழங்காலுக்கு ஒண்டுமில்ல. எனக்கு புட்போல் அலுத்துப்போச்சு. சீனியம்மாவுக்கு என்ட சலாம்.”

அதன் கீழே, மத்தியானத்துக்குள் எழுபது பேர். இரவுச் சாப்பாட்டுக்குள் இருநூறு. வலைப்பந்தை விட்டவர், வயலினை விட்டவர், பதினைந்து வருடம் சாரணர் இயக்கத்தில் இருந்து ஒரு காலையில் ஸ்காஃபைக் கழற்றி வைத்தவர். ஒரு பெண் எழுதியிருந்தாள்: “நீச்சலை விட்டதற்கு ஆஸ்துமா என்று சொன்னேன். அம்மா இன்னும் எனக்குக் கொத்தமல்லி அவித்துத் தருகிறா.” நோர்வே அண்ணாவும் வந்தார். அவர் விட்டது செஸ். வேறொன்றும் எழுதவில்லை, ஒரே சொல்.

பின்னேரம் பஸ்ஸில் வாசித்துக்கொண்டே இருந்து இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

ஆகில் என்னுடைய அந்தத் திருத்தப் பதிவைக் குறூப்பின் உச்சியில் குத்தி வைத்திருக்கிறான். கேட்காமலே.

மார்ச் 2, ஞாயிறு

இன்று காலை பூசை முடிந்து நடந்து வரும்போது ஜெனிஸ்டன் சொன்னார், துறைமுகத்து வேலை நேரம் ஒத்துவராமல்தான் கிரிக்கெட்டை விட்டேன் என்று உமக்குச் சொன்னனான் இல்லையா, அது பொய் என்று. பதினான்கு வருடம் நம்பியிருக்கிறேன். பாவம் மனுசன் எனக்காகவும் வேலைக்காகவும் எதை இழந்தார் என்று நான் ஒருமுறை மாதாவிடம் அழுதுகூட இருக்கிறேன்.

“வெயில்” என்றார். “நாள் முழுக்க வெயிலில நிக்கிறது எனக்குச் சரிவரேல்ல.”

ரோட்டிலேயே நின்று சிரித்தோம்.

மார்ச் 5, புதன்

தவக்காலத் தொடக்கம், நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு. தவக்காலத்துக்கு எதை விடுகிறீங்கள் என்று றஞ்சிதம் எழுதிக் கேட்டாள். அடைமொழிகளை என்று பதில் போட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

கடைசிப் பாகம். ஜிந்துப்பிட்டியில் பார்த்தோம். ஆகிலும் வந்தான், பயந்து பயந்து. சீனியம்மா அன்ரி அவனிடம் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. போன் சார்ஜர் ஒன்று வேலை செய்யாமல் கிடக்கிறது, பார்த்துத் தா என்றா. அவனுக்குப் புறக்கோட்டையில் போன் கடையில்தானே வேலை. நிகழ்ச்சி முழுக்க அதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். போகும்போது “மாமி” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

ஏப்ரல் 5, சனி

சுகததாச மைதானத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் போட்டி. குறூப்பில் இருந்து ஒன்பது பேர் வந்தோம். இனி நிகழ்ச்சி இல்லை, நேரில் பார்த்து எழுதலாம் என்று ஆகிலின் யோசனை. சீனியம்மா அன்ரி கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தா. முகாமை விட்ட அந்த வருடத்துக்குப் பிறகு ஒரு மைதானத்துக்குள் காலெடுத்து வைப்பது இன்றுதான். எங்களில் சிலர் அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ வெயிலுக்குக் குடையை விரித்தா.

பெண்களுக்கான எண்ணூறு மீற்றர். மஞ்சள் பெனியன் போட்ட ஒரு மெல்லிய பிள்ளை முதல் சுற்று முழுக்க முன்னால் ஓடினாள். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். கடைசி வளைவில் அவள் வாய் திறந்து போயிருந்தது. எனக்குப் பின்னால் இருந்தவர், “ஐயோ பாவம், உடைஞ்சு போயிட்டாள்” என்றார். என் விரலும் போனில் அந்தச் சொல்லைத்தான் தேடிப் போனது.

அன்ரியைத் திரும்பிப் பார்த்தேன். அவ பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

நானும் பார்த்தேன். பார்த்ததைத்தான் குறூப்பில் போட்டேன்: “மஞ்சள் பெனியன், ஆறாவது. புல்லில் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு எழும்பி, சிநேகிதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மீன் வைத்த மாலுபாண் வாங்கப் போனாள்.”